போனவர் போகவில்லை

திருப்பூரில் மெர்ச்சண்டைஸர்கள் பனியன் மாதிரி கம்பெனி மாற்றுவார்கள். எனக்குத் தெரிந்த எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஒருத்தர் போய் மூணு மாசம்.

"ஏனுங்க, அவரு பேரு இன்னும் சர்வர்ல இருக்குதுங்களே?"

"இருந்துட்டுப் போகட்டுங்க, நல்ல பையன்" என்றார் முதலாளி.

நல்ல பையன்தான். காஸ்டிங் ஷீட் பூரா அவருக்குத் திறந்து கிடக்கிறதே!

விண்டோஸ் என்றால் கறுப்புத் திரையில் ஒரே வரி: 'நெட் யூஸர்', ஆள் பெயர், 'ஆக்டிவ் நோ'. ஃபைல்கள் பத்திரம், ஆள் வெளியே. இங்கே லினக்ஸ். 'யூஸர்மாட்'டில் பெரிய எல் போட்டால் பாஸ்வேர்டு மட்டும்தான் பூட்டும், எஸ்.எஸ்.ஹெச். சாவி வைத்திருந்தால் கொல்லைப்புறமாக வரலாம். கூடவே 'எக்ஸ்பயர்டேட் 1' கொடுத்தேன். கணக்கு 1970 ஜனவரி 2-ந் தேதியே காலாவதி! பையன் பிறந்ததே 1996-ல்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "என்ர பாஸ்வேர்டையும் மாத்திருங்க. பார்ட்னருக்குத் தெரியுமுங்க."