பூக்காத முல்லை: வெட்டுவதா, காப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டு மதிலோரம் மாமியார் வைத்த முல்லைக்கொடி மாடி வரை ஏறியிருக்கிறது. ஒரு காலத்தில் தினமும் நான்கு முழம் கட்டும் அளவுக்குப் பூத்தது. இரண்டு வருடமாக இலைதான், பூ இல்லை. சாணக்கரைசல், யூரியா எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம். வரும் ஆவணியில் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். 'பூக்காத கொடிதானே, இப்போதே வெட்டிப் போடலாம்' என்கிறார் கணவர். மாமியாருக்கு மனம் வரவில்லை. கொடியை வேரோடு எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியுமா?
- சேலையூர் வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கொடியை வெட்டத்தான் வேண்டும். ஆனால் அடியோடு அல்ல, இப்போதும் அல்ல. முல்லை புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் பூக்கும். வெட்டாமல் விட்ட கொடியில் பழைய தண்டு முற்றி, இலை மண்டி, உள்ளே காற்றும் வெளிச்சமும் புகாமல் போகும். பூப்பதென்றாலும் வெயில் படும் உச்சியில், கைக்கு எட்டாத இடத்தில் நாலு பூ பூக்கும். சத்தியமங்கலம் பக்கத்து முல்லைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் கவாத்து செய்கிறார்கள். வீட்டுக்கொடியை மட்டும் பாசத்தால் தொடாமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் இலையைப் பார்த்து, அது முல்லைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முல்லையில் ஒரு பெரிய இலையும், அதன் அடியில் இரு பக்கமும் காது போல இரண்டு சிற்றிலைகளும் இருக்கும். ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருந்து, மொட்டின் வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் அது ஜாதிமல்லி என்கிற பிச்சி. இரண்டுக்கும் கவாத்து நேரம் வேறு. பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். குண்டுமல்லி வைத்திருப்பவர்களுக்கு நவம்பர் கடைசி.

அடுத்து, நோய் இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டு வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து போலத் திரண்டு நின்றால், அது பூவையே இலையாக மாற்றிவிடும் நோய். அந்தக் கொடியிலிருந்து கன்று எடுக்கவே கூடாது. இலையிலும் இளந்தண்டிலும் வெள்ளை ரோமம் படர்ந்தது போல இருந்தால் சிலந்திப் பேன் தாக்குதல். அந்தக் கிளைகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம். இவை இல்லை என்றால் உங்கள் கொடிக்கு நோய் எதுவும் இல்லை; கவாத்தும் வெயிலும்தான் குறை.

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். தழைச்சத்து கூடக் கூட இலைதான் கொழிக்கும். பக்கத்து மனையில் புதிதாக மாடி எழும்பி வெயிலை மறைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை தெருக்களில் நன்றாகப் பூத்துவந்த கொடி திடீரென்று நின்றுபோக இது ஒரு முக்கியக் காரணம். முல்லைக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. வருடக்கணக்கில் மதிலடியில் வேர் ஓடிய கொடியைப் பெயர்த்தால் பாதி வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். அதுவும் கோடையில் பெயர்த்தால் பிழைப்பது அரிது. கொடியை நகர்த்தப் பார்க்காதீர்கள், பதியம் போட்டுக் கன்று எடுங்கள். பதியக் கன்று தாய்க்கொடியின் அச்சு அசலாகவே இருக்கும். மாமியார் வைத்த அதே முல்லைதான் அது. பதியத்துக்கு மழைக்காலமே ஏற்றது என்றாலும், ஆவணியில் வீட்டை இடிப்பதால் உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. தை மாதத்திலேயே செய்துவிடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செய்முறை இதுதான். கவாத்துக்கு முன், தரைப்பக்கம் வளையக்கூடிய, பென்சில் பருமனுள்ள நான்கைந்து கிளைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் வெட்டாமல் விடுங்கள். நுனியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு அங்குல நீளத்துக்குப் பாதித் தண்டு வரை கீறுங்கள். கீறல் மூடிக்கொள்ளாமல் ஒரு தீக்குச்சியைச் செருகுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் நிரப்பிய தொட்டியை அருகில் வைத்து, கீறிய இடத்தை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனியை வெளியே விட்டு ஒரு குச்சியில் கட்டுங்கள்.

மற்ற கிளைகளை ஜனவரி கடைசி வாரத்தில், தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் விட்டு வெட்டுங்கள். பூக்காரம்மா கணக்கில் சொன்னால் ஒரு முழம். வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வெட்டிய பின் அடியில் ஒரு கூடை மட்கிய தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போட்டுக் கிளறிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் புதுத்துளிரில் மொட்டு பார்க்கலாம். வீட்டை இடிப்பதற்கு முன் ஒரு பருவமாவது மாமியார் அந்தக் கொடியில் பூப் பறிக்கலாம். வீடு கட்டாத, கொடியை மதிலிலேயே வைத்திருக்க விரும்பும் வாசகர்கள் இரண்டு மூன்று முதன்மைத் தண்டுகளை அப்படியே விட்டு, பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும்.

பதியம் வேர் பிடிக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். வைகாசியில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பு தெரிந்தால், தாய்க்கொடிப் பக்கம் முதலில் பாதி வெட்டு. ஒரு வாரம் கழித்து முழு வெட்டு. பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள். வீடு கட்டி முடியும்வரை 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அடியில் துளையிட்டு வளர்க்கலாம். ஒரு கன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். சாரத்துக்கும் ஜல்லிக்கும் நடுவில் தொட்டிச்செடி காணாமல் போவது சாதாரணம்.

தண்ணீரில் கவனம் தேவை. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும். தொட்டிச்செடிக்கு அதை ஊற்றாதீர்கள். துணி துவைத்த தண்ணீரும் வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, தாராளமாக விடலாம்.

புது வீட்டில் நடும் இடத்தில்தான் பலர் கொடியை இழக்கிறார்கள். கட்டட வேலை முடிந்ததும் மதிலோரம் இருப்பது மண் அல்ல. சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் உடைசல். அதில் நட்டால் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காத நிலை அது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, உடைசலை அப்புறப்படுத்திவிட்டு, நல்ல செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பி நடுங்கள். அப்படியும் வெளுத்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து, இலை பச்சை திரும்பும்வரை மாதம் ஒரு முறை தெளியுங்கள்.

நடும் மேடை தரையைவிட ஒரு அடி உயரமாக இருக்கட்டும். முல்லை வறட்சியைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வாசகர்களுக்கும், களிமண் நிலமான பள்ளிக்கரணை பக்கத்தவர்களுக்கும் இது கட்டாயம். பற்றிக்கொள்ள முல்லைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. கம்பியோ கயிறோ கட்டி நாம்தான் ஏற்றிவிட வேண்டும். பாரி தேரை விட்டுவிட்டுப் போனது இதற்காகத்தான். புதிதாகக் கன்று வாங்குபவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக ரகங்களான கோ.1, கோ.2, பாரிமுல்லை ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. வீட்டு வரைபடம் போடும்போதே கொடிக்கு இரண்டடி மண்ணை ஒதுக்குங்கள். முழுவதும் சிமென்ட் போட்ட பிறகு இடம் தேடினால் கிடைக்காது. எந்த மூலையில் என்பதை மாமியாரிடம் கேளுங்கள். மழைத் தண்ணீர் எங்கே நிற்கும், காலை வெயில் எங்கே விழும் என்பது அந்த மனையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.