குழந்தைக்கு எட்டாத அலமாரி

“எடுத்ததை எடுத்த இடத்துல வை.” பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காலை முதல் இரவு வரை ஒலிக்கும் கட்டளை இது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

துணிமணி பீரோவில் இருக்கும். அதன் கதவைத் திறக்கவே பெரியவர் வர வேண்டும். நல்ல பொம்மைகள், உடைத்துவிடுவான் என்ற பயத்தில் ஷோகேஸுக்குள் போய்விட்டன. புத்தகப் பையை மாட்டும் ஆணி, ஐந்து வயதுப் பிள்ளை எம்பினாலும் எட்டாத உயரத்தில். மிச்சமிருப்பது தரைதான். குழந்தை தரையில் பரப்புகிறது, நாம் சோம்பேறி என்று திட்டுகிறோம். இது அநியாயம்.

ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், 1907 ஜனவரியில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். அங்கும் முதலில் கற்றல் பொருட்களை அலமாரியில் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் வாங்கி அடுக்குவார். பிள்ளைகளோ அவர் பின்னாலேயே போய் நின்றார்கள். தாங்களே திரும்ப வைக்க ஆசைப்படுகிறார்கள் என்பது மாண்டிசோரிக்குப் புரிந்தது. ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்து போனார். மறுநாள் வந்து பார்த்தால், வேண்டியதைப் பிள்ளைகளே எடுத்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். ஆசிரியை அதைத் திருட்டுப் புத்தி என்று எண்ணினார். மாண்டிசோரியோ, பொருட்களை நன்றாக அறிந்துகொண்டதால் வேண்டியதை அவர்களே தேர்ந்தெடுக்க முடிகிறது என்று எடுத்துக்கொண்டார். பூட்டிய அலமாரி போய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன.

அதே மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். இன்று எத்தனையோ மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் கண்ட தாழ்வான அலமாரி மட்டும் நம் வீடுகளுக்குள் வரவில்லை.

இதற்குத் தனி அறை தேவையில்லை. ஒற்றை அறை வீட்டிலும் சுவரோரமாக ஒரு பலகையும் இரண்டு அட்டைப்பெட்டிகளும் வைக்க முடியும். பொம்மைகளில் பாதியைப் பரணில் ஏற்றிவிட்டால், மீதியை அடுக்குவது பிள்ளைக்கு மலைப்பாக இருக்காது. கடினமானது இடம் ஒதுக்குவதல்ல, பொறுமைதான். பிள்ளை கால் மணி நேரம் போராடி மடித்த சட்டையை, அதன் கண்ணெதிரே பிரித்து நாம் மறுபடி மடிக்கிறோம். நாளைக்கு அது ஏன் மடிக்கப் போகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எடுத்து வைக்கும் இந்தப் பாடம் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கே நடக்கிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இந்த இடைவெளி கல்யாணத்துக்குப் பிறகு திடீரென்று முளைப்பதில்லை. தம்பி இறைத்துப் போட்டதை அக்கா பொறுக்கும் வயதிலேயே அது தொடங்கிவிடுகிறது. பையன் தன் பாயைத் தானே சுருட்டட்டும், தன் துணியைத் தானே மடிக்கட்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும்; சரிசெய்ய அக்காவைக் கூப்பிட வேண்டாம்.