எம்முறையில் மணவிழா?

தைத் திங்கள் பிறந்துவிட்டால் மணவழைப்பிதழ்கள் நாள்தோறும் வந்தவண்ணம் இருக்கும். தூய தமிழில் அச்சிட்ட இதழ். மணமக்கள் பெயரும் நற்றமிழ். முகப்பில் வள்ளுவர் உருவம். மகிழ்ந்து சென்று பார்த்தால், மணமேடையில் புகைமூட்டம். மணமகனுக்கும் விளங்காத, மணமகளுக்கும் விளங்காத, பல வேளைகளில் ஓதுவார்க்கே விளங்காத வடமொழி ஒலிகள். தமிழ் அழைப்பிதழோடு வாயிலில் நின்றுவிட்டது! ஏன் இந்நிலை என்று கேட்டால், பெண்ணின் தந்தை தலைகுனிந்து, "முதியவர்கள் ஏற்கவில்லை, சட்டப்படி செல்லாமற் போய்விடுமோ என்னும் அச்சமும் இருந்தது" என்கின்றார்.

அத் தந்தையைப் பழிப்பது நம் நோக்கமன்று. மணநாள் குறித்து, கூடம் பேசி, அழைப்பிதழும் அச்சிட்ட பின்னரே நம்மவர் பலர் மணமுறையைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர். அதற்குள் உறவினர் எண்ணம் முந்திக்கொள்கின்றது. எனவே, மணவினை தொடங்குமுன் அறியவேண்டியவற்றை இங்குச் சொல்லுகின்றோம்.

முதற்கண், முதியவர்களுக்கு விடை. சடங்கு மணமே தொன்றுதொட்டு வந்தது என்பர். அகநானூற்றின் 86ஆம் பாடலையும் 136ஆம் பாடலையும் அவர்கட்குப் படித்துக் காட்டுங்கள். பந்தல் இட்டனர், மணல் பரப்பினர், விளக்கேற்றினர், மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்தினர், உற்றார் விருந்துண்டனர். நாளும் பார்த்தனர், அதனை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் தீ வளர்த்ததாகவோ, வேற்றுமொழி ஓதியதாகவோ அவ்விரு பாடல்களிலும் ஒரு சொல்லும் இல்லை. பார்ப்பான் வழிகாட்டத் தீவலம் வருதலைக் காட்டுவது சிலப்பதிகாரம். ஆகவே, பழைமையைப் போற்றுவோர்க்கும் தமிழ்மணமே உரியது.

அடுத்து, சட்டம். இன்று நம்மிடை நிகழும் மணங்களை நான்காகப் பகுக்கலாம். ஒன்று, வடமொழிச் சடங்கு மணம். இரண்டு, திருக்குறளோ திருமுறையோ ஓதி நிகழும் தமிழ்மணம். மூன்று, சடங்கே இன்றி உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ளும் தன்மதிப்பு மணம். நான்கு, 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி அலுவலர் முன் நிகழும் பதிவு மணம்.

1928 முதற்கொண்டே தன்மதிப்பு மணங்கள் நடந்துவந்தன. எனினும், 1953இல் சென்னை உயர்முறைமன்றம் அத்தகைய மணமொன்றைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊரறிய மணந்த பெண்ணுக்கு மனைவி என்னும் சட்டநிலை இல்லாமற் போயிற்று. இன்றும் பெற்றோர் நெஞ்சில் உறையும் அச்சத்தின் வேர் இதுவே. ஆனால் அவ் வேர் அறுபட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது! அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967இல் இயற்றப்பெற்ற திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பே நிகழ்ந்த மணங்களுக்கும் ஏற்பளித்தது.

அப் பிரிவு கேட்பது என்ன? உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகக் கூறவேண்டும். அல்லது மாலை மாற்றவேண்டும். அல்லது கணையாழி அணிவிக்கவேண்டும். அல்லது தாலி கட்டவேண்டும். இவற்றுள் ஒன்றே போதும். எப்பெயரால் அழைத்தாலும் அம்மணம் செல்லும். இதற்கென ஊர்கூட்டி விழா எடுக்கும் கட்டாயமும் இல்லையென்று 2023இல் உச்சமுறைமன்றம் தெளிவாக்கியது. "விளங்கும் மொழியில்" என்று சட்டமே கூறும்போது, விளங்கா மொழியை நாடுவது ஏன்?

இரண்டு குறிப்புகளை மறவாதீர். 7அ பிரிவு, இருவரும் இந்துக்களாயின் மட்டுமே பொருந்தும். வேறு வேறு சமயத்தாராயின் 1954ஆம் ஆண்டுச் சட்டமே வழி. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பும் மூன்று சான்றரும் வேண்டும். மற்றொன்று, எம்முறையில் மணந்தாலும், தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தொண்ணூறு நாள்களுக்குள் பதிவுசெய்தல் கடமை. மேடையில் காட்டும் ஊக்கத்தைப் பதிவு அலுவலகத்திற்குச் செல்வதிலும் காட்டுங்கள். பின்னாளில் பெண்ணுக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் துணைநிற்பது அத் தாளே.

இனி, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. மொழியை மாற்றிவிட்டு மணக்கொடையை வாங்கினால் அது தமிழ்மணமா? 1961 முதல் அது சட்டப்படி குற்றம். நம் நெறிப்படி இழிவு. குறள் ஓதிய மேடைக்குப் பின்னே வட்டிக்கு வாங்கிய கடன் நிற்குமாயின், அக் குறளுக்கு என்ன பெருமை? ஒருநாள் பகட்டுக்காகப் பத்தாண்டு உழைப்பை அடகு வைப்பது எந்நூல் கூறிய அறம்? சொற்பொழிவாளர்க்கும் ஒன்று: மணமக்கள் பசியோடு காத்திருக்க, வாழ்த்துரையை மூன்று மணிநேர அரசியலுரையாக்கி, பந்தியை ஆறவிடாதீர். விளங்காத ஒலிக்கு மாற்றாக முடியாத உரையை வைப்பது சீர்திருத்தமன்று.

பெற்றோரே! நாள் குறிக்கும் முன்னர் இருகுடும்பத்தாரும் ஒருங்கமருங்கள். மகளையும் மகனையும் முதலிற் கேளுங்கள். முறையை முடிவுசெய்யுங்கள், செலவுக்கு எல்லை கட்டுங்கள், நடத்திவைப்பவரை உறுதிசெய்யுங்கள். அழைப்பிதழ் அதன் பின்னரே அச்சேறட்டும். வாழப்போகின்ற இருவர், தாம் ஏற்கும் உறுதியைத் தம் தாய்மொழியில், தம் வாயாற் கூறட்டும். அழைப்பிதழில் உள்ள தமிழ் மணமேடையிலும் ஏறுக!