டிஸ்சார்ஜ் என்றால் பில் கட்டுவது மட்டும்தானா?

நம்மூர் ஆஸ்பத்திரிகளில் "டிஸ்சார்ஜ்" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பில் செட்டில் ஆகிவிட்டது, பெட்டைக் காலி செய்யலாம். காலையில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதிலிருந்து சாயங்காலம் வரை நடப்பதெல்லாம் கணக்கு வழக்குதான். மருந்து ரிட்டர்ன், லேப் பில், இன்ஷூரன்ஸ் அப்ரூவல்... கடைசியில் ஒரு ஃபைலைக் கையில் திணித்து, "எல்லாம் இதுல எழுதியிருக்கு, பத்து நாள் கழிச்சு வாங்க" என்பார்கள். அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இதற்குப் பெயர் கைகழுவுவது.

அந்த ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? முழுக்க ஆங்கிலம். ஓடி, பிடி, டிடிஎஸ், எஸ்ஓஎஸ் என்று சங்கேத பாஷை. டிடிஎஸ் என்றால் சம்பளத்தில் பிடிக்கும் வரி என்று நினைக்கும் ஊர் சார் இது! அது "தினம் மூன்று வேளை" என்று வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகளுக்கு யார் சொல்வது?

இது மொழிச் சண்டை இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஒரே மருந்து நம் கடைகளில் பல பிராண்ட் பெயர்களில் கிடைக்கிறது. சர்க்கரைக்காக ஏற்கெனவே கிளிமிபிரைடு சாப்பிடும் ஒரு தாத்தாவுக்கு, ஆஸ்பத்திரியில் அதே மருந்தை வேறு பிராண்டில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "பழைய மாத்திரையை நிறுத்துங்க" என்று யாரும் சொல்லவில்லை. அவர் இரண்டையும் ஒழுங்காக விழுங்குவார். சர்க்கரை தடாலென்று இறங்கும். தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.

இன்னும் பாருங்கள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பாட்டியிடம் "குத்துக்கால் போட்டு உட்காரக் கூடாது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் இருப்பது தரையோடு தரையாக இந்தியன் டாய்லெட். அதை யார் கேட்டார்கள்? இன்சுலின் எழுதிக்கொடுக்கிறார்கள், வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டா என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் மண்பானையில் தண்ணீர் வைத்து எப்படிக் குளிர்ச்சியாக வைக்கலாம் என்றாவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். அதைச் செய்யப்போகும் கைகளுக்கு வார்டிலேயே பழக்கிவிட வேண்டாமா?

பணத்துக்கு மட்டும் விதி கறாராக இருக்கிறது. கேஷ்லெஸ் நோயாளியை டிஸ்சார்ஜ் செய்ய ஆஸ்பத்திரி கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும் என்று 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டது. தாமதமானால் ஆஸ்பத்திரி கேட்கும் கூடுதல் தொகையையும் கம்பெனிதான் கட்ட வேண்டும். நல்ல விதி, வரவேற்போம். விளக்கிச் சொல்வதற்கு? தரச்சான்று தரும் என்ஏபிஹெச் விதிகளில், மருந்து விவரமும் மற்ற அறிவுரைகளும் புரியும்படி இருக்க வேண்டும் என்று இருக்கத்தான் செய்கிறது. புரிந்ததா என்று யார் சோதிக்கிறார்கள்?

உடனே ஒரு பதில் வரும்: "கூட்டத்துல டாக்டருக்கு ஏதுங்க நேரம்?" டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? நர்ஸ் செய்யலாம், பார்மசிஸ்ட் செய்யலாம், அதற்கு ஆள் போடுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாகச் செய்யாமல், அட்மிஷன் போட்ட மறுநாளே "வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டு ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த பதில், "சொன்னாலும் இவங்களுக்குப் புரியாது". இதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வெள்ளைக் கோட்டுக்குப் பயந்து எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். "நாளைக்குக் காலைல எந்த மாத்திரை குடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். தப்பாக எடுத்தால் சொன்னவர் இன்னொரு தடவை சொல்லட்டும்.

முடியாத காரியமா? 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயை வீடு வரை இலவசமாகக் கொண்டுபோய் விட வேண்டும் என்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வலி நிவாரணச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வரும் என்றார்கள். ஆக, வீடு வரை போக வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. டிஸ்சார்ஜ் அன்றே அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட என்ன கேடு?

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். தமிழில். எந்த மாத்திரை எப்போது, பழையதில் எதை நிறுத்துவது, என்ன நடந்தால் உடனே ஓடி வருவது, ராத்திரி எந்த நம்பரைக் கூப்பிடுவது.

அது வரும்வரை ஒன்று செய்யுங்கள் மக்களே. உங்கள் வீட்டில் யாருக்காவது டிஸ்சார்ஜ் என்றால், வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். இந்த நான்குக்கும் பதில் வாங்கித் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும்வரை ஆட்டோவைக் கூப்பிடாதீர்கள். நர்ஸ் முறைத்தால் முறைக்கட்டும்.