இராணி மங்கம்மாளுக்குக் கதாநாயகன் வேண்டுமா?

அட்டன் நகரை அண்டிய பாடசாலையொன்றின் உயர்தர வகுப்பிலே நாயக்கர் காலத்தைப் பற்றி நாம் பேசத் தொடங்கியதும் எழுந்த முதல் வினா இது: "சேர், மங்கம்மாளுக்கும் அச்சையாவுக்கும் தொடர்பு இருந்தது உண்மைதானா?" வினவியவள் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள். பிழை அவளுடையதன்று. நூலகத்தில் வாங்கிப் படித்த சரித்திர நவீனங்கள் அவளுக்குக் கற்பித்த வினா அது.

அந்நவீனங்களின் வாய்பாட்டை நாம் அறியாதவரல்லோம். இளமை மாறாத விதவை ஒருத்தி; அவள்பால் மனம் சென்றும், குலத்தையும் ஊர்ப்பேச்சையும் எண்ணித் தயங்கும் பிரபு ஒருவன்; நிலாமுற்றம்; இரகசிய ஓலை. ஈற்றில் அவன் தயக்கம் நீங்குவதே நாட்டின் விடிவு! வரி எங்கிருந்து வந்தது, குடிகள் எதை உண்டனர் என்பனவெல்லாம் காதற் காட்சிக்குப் பின்னே தொங்கும் திரைச்சீலைகள்.

மங்கம்மாள் செய்ததென்ன? 1682இல் கணவன் சொக்கநாத நாயக்கனை இழந்தாள், உடன்கட்டை ஏறினாளில்லை. 1689இல் மகனும் அம்மை நோயால் மாள, கைக்குழந்தையான பேரன் விசயரங்கனின் பெயரால் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் மதுரையை ஆண்டாள். மொகலாயருக்குத் திறை கொடுத்து நாட்டைக் காத்தாள். திருவிதாங்கூர் மீதும் தஞ்சை மீதும் படை செலுத்தினாள். சேதுபதியிடம் தோற்கவும் செய்தாள். சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாள். மதுரைப் புகைவண்டி நிலையத்தருகே அவள் பெயராலேயே ஒரு சத்திரம் வழங்குகிறது.

இத்தகைய பெண்ணுக்குச் செவிவழிக் கதைகள் அளித்த பரிசு யாது? ஒருநாள் மறந்து இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாளாம். அந்தப் பாவம் தீரவே அறங்களைச் செய்தாளாம்! அரசன் குளம் வெட்டினால் அது கொடை. விதவை வெட்டினால் பிராயச்சித்தம். மற்றொரு கதையோ அமைச்சன் அச்சையாவோடு அவளைப் பிணைத்து, பேரனின் சிறையிலே, உணவின் மணம் எட்டியும் கை எட்டாமற் பட்டினியால் மடிந்தாள் என்கிறது. ஒன்று அவள் செயலைப் பறிக்கிறது. மற்றது அவள் சாவையே தண்டனையாக்குகிறது. இவ்வவதூற்றின் மீது சந்தனம் பூசினால் சரித்திரக் காதற்கதை ஆயத்தம்.

அவள் காதலித்திருக்கலாகாது என்பதன்று நம் வாதம். விதவைக்கும் நெஞ்சமுண்டு. 1903இல் வெளியான 'முத்துமீனாட்சி'யில் அ. மாதவையா விதவையின் மறுமணத்தைத் துணிந்து எழுதினார். அங்கே அது சமூகத்தின் மீது தொடுத்த வழக்கு. நம் காதற்கதாசிரியர்களோ எவர்மீதும் வழக்குத் தொடுப்பதில்லை. ஆண்டவள் ஒருத்தியை, ஓர் ஆணின் முடிவுக்காகக் காத்திருப்பவளாக மாற்றிவிட்டு, அதற்கு வீரமென்றும் பெயர் சூட்டுகின்றனர்.

இதிலே மலைநாட்டார்க்கு என்ன வந்தது எனச் சில நண்பர்கள் கேட்கக்கூடும். 1984 வரை தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலி. அந்தக் குறைந்த கூலியையும் பல தோட்டங்களிலே கணவனே சென்று பெற்றுவந்தான். தன் உழைப்பின் காசைத் தன் கையாலேயே வாங்கியவள் பெரும்பாலும் விதவைதான். சம்பள நாளிலே அவள் தலைநிமிர்ந்து வரிசையில் நின்றால், "இவளுக்குப் பின்னால் யார்?" என்று லயத்திலே பேச்செழும். அச்சையாவைத் தேடும் வினாவும் இதுவும் ஒன்றே அன்றோ! நாவலாசிரியர் அதற்கு அரண்மனை உடை உடுத்துகிறார். லயத்து வம்பர்களுக்கு அந்த வசதி இல்லை.

நாம் அன்று அந்த மாணவியின் வினாவுக்கு விடை கூறாது, மங்கம்மாளின் அறப்பணிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருமாறு பணித்தோம். மறுவாரம் கொண்டுவந்தாள். சாலைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அச்சையாவின் பெயர் ஓரிடத்தும் இல்லை. ஓரத்திலே பென்சிலால் ஒரு வரி மட்டும்: "சேர், அந்தச் சாலைக்குக் கல் சுமந்த பெண்களின் கூலியை யார் வாங்கினார்கள்?"