கஃபீல் என்னும் சொல்லும் விலைக்கு வரும் விசாவும்



மழைக்காலம் பிறந்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தை பிறந்ததும் பாத்திகளைச் சீர் செய்து, சுடுவெயிலில் கால் வெடிக்க உப்பு வாரிய குடும்பம், வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் மூன்று மாதங்கள் வெறுங்கையுடன் இருக்க நேரிடுகிறது. அந்த மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் முன்வந்தது. மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள கடற்கரையில் வளைகுடா விசாவைப் பற்றிய பேச்சு பலமாக எழுவதும் இம்மாதங்களில்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஜும்ஆ முடிந்து பள்ளியைவிட்டு வெளியே வருகையில் ஒரு தந்தை என்னைத் தடுத்து நிறுத்தினார். "ஹஜ்ரத், பையனுக்கு விசிட் விசா வந்திருக்கிறது. இரண்டு லட்சம் கேட்கிறார்கள். அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமாம். வீட்டு நகையை அடகு வைக்கப் போகிறேன், துஆ செய்யுங்கள்" என்றார். துஆ செய்ய எனக்கென்ன தடை? ஆயினும், "பாய், முதலில் பையனுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள்" என்றேன்.

ஈ.சி.ஆர். என்றால் நம் கடற்கரை மக்களுக்குச் சென்னைக்குப் போகும் சாலைதான் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டிலும் ஓர் ஈ.சி.ஆர். உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பெரும்பாலும் காணப்படும் குறிப்பு அது. வேலைக்காகக் குடிபெயருமுன் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்பது அதன் பொருள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வளைகுடாவின் ஆறு நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இத்தகையோர் வேலைக்குச் செல்ல வேண்டுமாயின், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அந்த அலுவலகம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. அந்த வாயிலில் நுழைவோருக்கு ஒரு காப்பீடும் உண்டு. இரண்டாண்டுக்குச் சில நூறு ரூபாய் கட்டினால், விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேரும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பதிவு பெற்ற முகவர் தம் சேவைக்காக வாங்கத்தக்க உச்சத்தொகை 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. இரண்டு லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே!

அவ்வாறாயின் விசிட் விசாவை ஏன் நீட்டுகிறார்கள்? சுற்றுலா என்று சொல்லிப் போகிறவருக்கு இந்த ஒப்புதல் தேவையில்லை என்பதால்தான். ஒப்புதல் இல்லையெனில் ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. முகவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. போன இடத்தில் விசாவை மாற்றிக்கொள்ளச் சில நாடுகளில் சட்டம் இடம் தருவது மெய்தான். ஆனால் மாற்றித் தருபவர் ஒரு முதலாளியாக இருக்க வேண்டும். அவர் கிடைக்காமல் கெடு முடிந்தால், ஐக்கிய அரபு அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அத்தகையோர் தண்டமின்றி வெளியேறுவதற்காக அந்நாடு 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொது மன்னிப்பு அறிவித்தது. வேலை தேடுவதற்கென்றே 2022 முதல் ஒரு விசாவையும் அந்நாடு தருகிறது. அது உயர்திறன் பணியாளருக்கும் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் புதிய பட்டதாரிகளுக்கும் உரியது. பாத்தியில் உப்பு வாரும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது.

மற்றொன்று 'ஆசாத் விசா'. யாரோ ஓர் அரபியின் பெயரில் விசா. அவரிடம் வேலை கிடையாது. வெளியே எங்கேனும் உழைத்து, மாதந்தோறும் அவருக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும். இதைச் சிலர் சுதந்திரம் என்று எண்ணுகிறார்கள். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, தம் பெயரில் வந்தவரைப் பிறரிடம் வேலை செய்ய விடுவதைத் தடை செய்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிடிபட்டால் நாடு கடத்தப்படுபவர் உழைத்தவரே.

இவ்விடத்தில் 'கஃபீல்' என்னும் சொல்லைச் சற்று ஆராய்வோம். மதரஸாவில் ஃபிக்ஹு படித்த எவருக்கும் கஃபாலா என்பது பிறர் சுமையைத் தன் தோள்மீது ஏற்றுக்கொள்வது. சிறுமி மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததைத் திருமறை இச்சொல்லின் வேரைக் கொண்டே குறிப்பிடுகிறது. அநாதையை ஏற்று வளர்ப்பதற்கும் கஃபாலா என்றே பெயர். அது ஈகையாகச் செய்யும் உடன்படிக்கை; அதற்குக் கூலி பெறுதல் கூடாது என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து. 1985-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்திற்குக்கூட உண்மையான எழுத்துச் செலவைப் பெறலாமேயன்றி உத்தரவாதத்திற்கென்று கட்டணம் பெறலாகாது எனத் தீர்மானித்தது. ஃபிக்ஹின் கஃபாலா வேறு, அரசாங்கச் சட்டத்தின் கஃபாலா வேறு என்று என் மாணவர்கள் மறுக்கக்கூடும். உண்மையே. ஆனால் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டு, ஏழையின் சுமையை ஏற்காமல் அவன்மீதே சுமையை ஏற்றி மாதக் கப்பம் வாங்குகிறவரை நான் கஃபீல் என்று அழைக்க மாட்டேன். அந்தப் பணம் அவருக்கு ஹலாலாகும் என்று சொல்ல எனக்கு ஓர் ஆதாரமும் அகப்படவில்லை. நம் ஊரில் அதற்குத் தரகு பேசுகிறவர், முதல் ஸஃபில் நிற்பவராயினும், இதில் பங்காளியே.

மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன, அவற்றை மறைப்பது நீதியாகாது. கத்தர் 2020-இல் வேலை மாறுவதற்கு முதலாளியின் இசைவு வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. சவூதி 2021 மார்ச் மாதம் முதல், ஓராண்டு பணி முடித்தவர் முன்னறிவிப்புடன் இடம் மாறவும், முதலாளியைக் கேளாமலே விடுப்பில் ஊர் வரவும் வழி செய்தது. ஆனால் அச்சீர்திருத்தம் வீட்டு ஓட்டுநரையும், தோட்டக்காரரையும், ஆடு மேய்ப்பவரையும், வீட்டுப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் கடற்கரையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு நோக்கத்திற்குத் தந்த விசாவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதன் விளைவை 2024 ஹஜ்ஜின்போது உலகமே கண்டது. மக்காவில் வெப்பம் 50 பாகையைக் கடந்த அந்நாட்களில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் ஹஜ் அனுமதி இல்லாதவர்கள். பலரை முகவர்கள் விசிட் விசாவில் அழைத்துச் சென்றிருந்தனர். குளிரூட்டிய கூடாரமும் இல்லை, பேருந்தும் இல்லை. வெயிலில் நடந்தே மாண்டார்கள். அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது பாவம் என்று அந்நாட்டு மூத்த உலமாக்கள் சபை அவ்வாண்டு ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. அல்லாஹ் அவர்களை மன்னித்து மறுமையில் உயர்த்துவானாக. அவர்களுடைய பணத்தை வாங்கியவர்கள் என்ன பதில் சொல்வார்களோ!

கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். ஆகவே அந்தத் தந்தையிடம் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கச் சொன்னேன்: முதலாளியின் பெயரும் சம்பளமும் எழுதிய ஒப்பந்தம், முகவரின் பதிவு எண், வாங்கும் பணத்திற்கு ரசீது. பதிவு எண் மெய்யா என்பதை அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். மஹல்லாவில் கைப்பேசி வைத்திருக்கும் எந்தப் பையனும் பார்த்துச் சொல்வான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருவதையும் சொன்னேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

மறு வெள்ளிக்கிழமை அவர் மீண்டும் வந்தார். ரசீது கேட்டதும் முகவர் கோபித்துக்கொண்டாராம். பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லையாம். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பையன் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பித்திருக்கிறான்; தேறினால் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு நீங்கிவிடும். குறிப்பு நீங்கினாலும் ஒப்பந்தத் தாள் இல்லாமல் விமானம் ஏறாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.