நெய்வேலியில் ஆகார சாஸ்திரம் பயில ஓர் இடம்

என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,



பூமிக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியை வெளிக்கொணர்ந்து மின்சாரமாக்கி, மருத்துவமனையும் பள்ளிகளும் மரநிழல் வீதிகளுமாக ஒரு நகரியத்தையே நிர்மாணித்த தங்கள் ஸ்தாபனம், சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்களும் இளைஞர்களும் உணவும் ஊட்டச்சத்தும் பயில ஒரு சமுதாயக் கல்லூரியையும் இங்கே தோற்றுவிக்க வேண்டும் என்பதே இம்மடலின் விண்ணப்பம்.

பசித்தோர்க்குச் சோறிடும் தர்மத்தை இப்பிரதேசத்துக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. அருகிலுள்ள வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பள்ளிகளிலோ காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் சத்துணவும், 2022இல் காலை உணவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனைக்கும் பிறகு, 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டென்று காட்டுகிறது. குடற்புழுவும் அடுத்தடுத்த பிரசவமும் இதற்குக் காரணங்களாயினும், ஆகாரத்தைப் பற்றிய அறியாமையின் பங்கு அற்பமன்று.

கீரையும் பயறும் உண்ட கையோடு தேநீர் அருந்தினால் அவற்றின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும், அதே உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூடினால் அது மிகும் என்பதையும், சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டும்போது பி வைட்டமின்களும் உடன் போய்விடுகின்றன என்பதையும், நெல்லைப் புழுக்குகையில் தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது என்பதையும் அறிந்த ஒருத்தி ஒரு தெருவில் இருந்தால், அத்தெருவின் அடுக்களைகளெல்லாம் மாறும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி 1918இல் குன்னூரில் மருத்துவர் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிதான் பிற்காலத்தில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அங்கே ஆய்ந்து கண்டவை நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்து வீட்டுக்கு வந்து சேர வழியொன்று வேண்டாமா?

அவ்வழி சமுதாயக் கல்லூரியே. 1995இல் புதுச்சேரியிலும் மறு ஆண்டு சென்னையிலும் தொடங்கிய இம்முறை, இடையில் படிப்பை விட்டவர்க்கும் கதவு திறந்து, வகுப்பறைப் பாடத்தோடு தொழிற்பயிற்சியையும் இணைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. பயிற்சிக்கு நெய்வேலியைவிட உகந்த இடம் ஏது? இரவும் பகலும் ஓயாத சுரங்கங்கள், ஷிப்டு மாறி உண்ணும் தொழிலாளர், அவர்களுக்குச் சமைக்கும் கேன்டீன்கள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பத்தியம் கேட்டு வருவோர் நிறைந்த மருத்துவமனை ஆகிய அனைத்தும் தங்கள் நிர்வாகத்தின்கீழ் ஒரே ஊரில் இருக்கின்றன. பக்கத்துப் பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் பதனிடும் தொழிலுக்குப் பாடமாகும்.

சுரங்கத்துக்காக நிலத்தை இழந்த குடும்பங்களின் பெண்களுக்கு இதில் முதலிடமும் கட்டண விலக்கும் அளிக்க வேண்டும். அவர்கள் விளைநிலம் போனபின் உணவு அவர்களுக்குக் கடைச்சரக்காயிற்று. அதை ஆராய்ந்து தேரும் அறிவும், அவ்வறிவால் ஒரு ஜீவனமும் அளிப்பது தங்கள் கடமை என்றே கருதுகிறேன். கேன்டீன் பணியாளருக்கு ஷிப்டு முடிந்த நேரத்தில் தனி வகுப்பு நடத்தலாம். பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். நகரியத்துப் பள்ளியொன்றில் மாலையில் ஓர் அறையும், ஒரு சமையற்கூடமும், உணவியல் கற்ற ஓர் ஆசிரியையும் கிடைத்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
நெய்வேலி நகரியவாசி ஒருவர்